மூத்தம்மாவின் பெட்டகத்தில் இருந்த ஒரு கடைப் பில்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணை தரம் 10 பிள்ளைகளுக்கு வரலாற்று மூலாதாரங்கள் பற்றிப் படிப்பித்தேன். கல்வெட்டு, செப்பேடு, மகாவம்சம் என்று ஒப்புவித்தார்கள். "உங்கட வீட்டிலயும் மூலாதாரம் இருக்கு, ஏதாவது பழைய கடதாசி கொண்டு வாங்க" என்றேன். பலரும் கலியாணக் கடிதங்களும் பழைய அடையாள அட்டைகளும் கொண்டு வந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தன் மூத்தம்மாவின் பெட்டகத்திலிருந்து ஒரு புடவைக் கடைப் பில்லைக் கொண்டு வந்தாள். மடித்த இடம் கிழிந்திருந்தது. திகதி எழுதியிருந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது.

அந்தக் கடை இன்று இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடலோடு போய்விட்டது. கணக்குப் புத்தகம், பெயர்ப்பலகை, படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. கடைக்குள் இருந்ததெல்லாம் போக, கடைக்காரர் வாடிக்கையாளரின் கையில் கொடுத்துவிட்ட ஒரு துண்டுக் கடதாசி மட்டும் அடுத்த தெருவில் ஒரு பெட்டகத்துக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

அன்று முழுப் பாடமும் அந்தப் பில்லோடுதான் போனது. உச்சியில் 786. அதன் கீழ் கடையின் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். ஓரத்தில் பூக்கரை. மூன்று இலக்கத் தொலைபேசி எண். திகதிக்கான இடத்தில் அச்சிட்ட "19" மட்டும் தெரிந்தது. அடியில் "கடன் அன்பை முறிக்கும்". ஆனால் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கடன் கணக்கு! பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"யார் சேர் இதை டிசைன் பண்ணினது?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் அச்சு இயந்திரம் முதலில் வந்தது வியாபாரத்துக்காக அல்ல. ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் அச்சிடத் தொடங்கியது அரச கட்டளைகளையும் கிறிஸ்தவ சமய நூல்களையும்தான். ஆங்கிலேயர் காலத்தில் 1802 மார்ச் 15இல் அரச வர்த்தமானி வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் 1841இல் உதயதாரகை வந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார்.

முஸ்லிம்களும் பின்தங்கி இருக்கவில்லை. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் என்ற மலாய் முஸ்லிம் அறிஞர் கொழும்பில் "ஆலமத் லங்காபுரி" என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் வெளியிட்டார். 1882 டிசம்பரில் அறிஞர் சித்திலெப்பையின் "முஸ்லிம் நேசன்" வந்தது. அக்காலத்தில் அரபும் அரபுத் தமிழும் அச்சிடப் பெரிதும் உதவியது கல்லச்சு. வழவழப்பான சுண்ணக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, அதிலிருந்து தாளில் எடுக்கும் முறை அது. ஈய எழுத்து தேவையில்லை. எழுதுபவரின் கையெழுத்தே அச்சாகும். அந்தக் கை அழகாக இருந்தால் பக்கமும் அழகாக இருக்கும்.

வியாபாரத்துக்கு அச்சின் பலத்தை முழுதாகக் காட்டியவர்களில் ஒருவர் எங்கள் தேயிலையோடு தொடர்புபட்டவர்: தோமஸ் லிப்டன். 1871இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பலசரக்குக் கடை திறந்தார். ஒரு பவுண் நோட்டைப் போலவே தோன்றும் விளம்பரத் துண்டுகளை அச்சிட்டு ஊரெல்லாம் பரப்பினார். 1890இல் இலங்கை வந்து மலைநாட்டில் தோட்டங்களை வாங்கினார். தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற காலத்தில், பெயர் அச்சிட்ட பக்கெட்டில் அடைத்து விற்றார். கூடையோடு நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தை உலகம் கண்டது. அவளுக்கு என்ன கூலி கிடைத்தது என்பதை அந்தப் பக்கெட்டில் யாரும் அச்சிடவில்லை. விளம்பரத்தை மூலாதாரமாக வாசிக்கும்போது இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

இனி எங்கள் பில்லுக்கு வருவோம். அதை டிசைன் பண்ணியவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழில் 247. எல்லாவற்றுக்கும் தனி அச்சு இல்லாவிட்டாலும், தமிழ் எழுத்துப் பெட்டிக்கு ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு அறைகள் வேண்டும். அதனால் சிறிய அச்சகத்தில் இரண்டு மூன்று அளவு எழுத்துகளுக்கு மேல் வைத்திருப்பது கஷ்டம். இடமும் வலமும் மாறித் தெரியும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்த்து, பூக்கரைத் துண்டுகளைச் சுற்றி அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். படம் வேண்டுமென்றால் தனியாகப் பிளாக் செய்ய வேண்டும். இரண்டு நிறம் என்றால் அதே தாளை இரண்டு முறை இயந்திரத்தில் விட வேண்டும். ஒவ்வொரு அலங்காரமும் செலவு. அந்தப் பில்லில் இருந்த எளிமைக்கு ரசனை மட்டுமல்ல, கணக்கும் காரணம்.

786 ஏன் என்று கேட்டேன். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்பதன் அரபு எழுத்துகளுக்குரிய அப்ஜத் எண்களைக் கூட்டினால் 786 வரும். அப்படிப் போடுவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் எங்கள் பெரியவர்கள் சொன்ன காரணம் ஒன்று உண்டு: பில் தெருவில் விழும், காலில் மிதிபடும், அதில் அல்லாஹ்வின் பெயர் இருக்கக்கூடாது. ஒரு கடதாசி தன் கையைவிட்டுப் போன பிறகு அதற்கு என்ன நடக்கும் என்று அச்சடிக்கும் முன்னரே யோசித்திருக்கிறார்கள்.

மூன்று மொழியும் அப்படித்தான். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. தமிழ் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல். சட்டம் எப்படி மாறினாலும் கடைக்காரருக்குத் தன் படியில் ஏறும் எல்லோரும் வேண்டும். அந்தப் பில்லின் மூன்று மொழியும் சட்டத்துக்குப் பயந்து போட்டதல்ல, வாடிக்கையாளரை மதித்துப் போட்டது.

அதே மாதிரி ஒரு சிறிய அச்சு அடையாளம் எவ்வளவு பெரிய பிரச்சினையாகலாம் என்பதையும் நாம் கண்டோம். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பிரசாரம் எழுந்தது. அந்த மார்ச் மாதம், உள்ளூரில் விற்கும் பொருட்களில் அது இடம்பெறாது என்று ஜம்இய்யத்துல் உலமா விட்டுக்கொடுத்தது. பக்கெட்டின் மூலையில் விரல்நகம் அளவில் இருந்த ஒரு முத்திரை அது. 2019க்குப் பிறகு பெயர்ப்பலகைகளிலிருந்த அரபு எழுத்துகளும் பல இடங்களில் நீக்கப்பட்டன. நாட்டின் நிலையைக் கடைக் காகிதங்களிலேயே வாசிக்கலாம்.

தொழில்நுட்பமும் மாறியது. ஒஃப்செட் வந்து ஈய எழுத்தை ஓரங்கட்டியது. பேஜ்மேக்கர், கோரல்ட்ரோ, பாமினி எழுத்துரு என்று கொம்பியூட்டர் வந்தது. எழுத்துக் கோர்த்த கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. 2022இல் டொலர் இல்லாமல் காகிதமும் இல்லாமல் போக, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. வைக்கோலிலிருந்து காகிதம் செய்த வாழைச்சேனை ஆலையை அப்போது எத்தனை பேர் நினைத்துப் பெருமூச்சு விட்டோம்!

இன்று கென்வாவில் பத்து நிமிடத்தில் நோட்டிஸ் தயார். வட்ஸ்அப்பில் ஒரு நொடியில் ஊர் முழுக்கப் போகிறது. எங்கள் தம்பிமார் அழகாகச் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் போன் மாறினால் அதுவும் போய்விடும். அதை எந்த மூத்தம்மாவும் பெட்டகத்தில் மடித்து வைக்க முடியாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள்.

டிசைன் செய்யும் தம்பி தங்கைகளே, "எதிர்வரும் வெள்ளிக்கிழமை" என்று மட்டும் போடாமல் ஆண்டையும் போடுங்கள். ஊரின் பெயரையும் போடுங்கள். சிறிய எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. கடைக்காரர் சம்மதித்தால் ஒரு பிரதியை அச்சிலும் எடுத்து வையுங்கள்.

மற்றவர்களே, வீட்டைத் துப்புரவாக்கும்போது பழைய பில், கடைக் கலண்டர், திறப்பு விழா அழைப்பிதழ், புடவைப் பை எதையும் எரிக்க முன் ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். படம் எடுத்து, விபரம் எழுதி, பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

அந்தப் புடவைக் கடை முதலாளியின் மகன் இப்போதும் ஊரில்தான் இருக்கிறார். பாடம் முடிந்த அன்று பின்நேரம் மாணவியின் அனுமதியோடு அந்தப் பில்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பின்பக்கக் கடன் கணக்கைத் திருப்பிப் பார்த்து, "இது வாப்பாட கையெழுத்து" என்றார்.

அவரிடம் தன் வாப்பாவின் கையெழுத்து வேறெதிலும் இல்லை.