18-55: ஒரு லென்ஸ் வந்த வழி

2003-ல் கேனன் நிறுவனம் இ.ஓ.எஸ். 300டி கேமராவை அமெரிக்காவில் இரண்டு விலைகளில் விற்றது. பாடி மட்டும் போதும் என்றால் 899 டாலர். 18-55 மி.மீ. லென்ஸும் வேண்டும் என்றால் 999. ஆயிரம் டாலருக்குள் ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. எல்லோர் கண்ணும் கேமரா மேலேயே இருந்தது. நூறு டாலருக்குக் கூடவே வந்த லென்ஸை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 190 கிராம் எடை, மவுன்ட்கூட பிளாஸ்டிக். "கிட் லென்ஸ்தானே" என்ற அலட்சியம் அதோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் முதல் கேமரா வாங்குபவர் அடுத்து கேட்கும் கேள்வி, இதை மாற்றி எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதுதான்.

அதற்குப் பதில் சொல்லும் முன், அந்த லென்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. அதற்குப் பின்னால் 44 ஆண்டு உழைப்பு இருக்கிறது.

சினிமா கேமராவுக்கு ஜூம் லென்ஸ் 1930-களிலேயே வந்துவிட்டது. ஸ்டில் கேமராக்காரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடும் படத்தில் ஒவ்வொரு ஃப்ரேமும் கண்முன் ஒரு கணம்தான் நிற்கும். சின்னக் குறைகள் தெரியாது. ஸ்டில் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாக ஆராய்வார்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பேக் என்ற பொறியாளர், சினிமாவுக்கும் டி.வி.க்கும் ஜூமார் என்ற பெயரில் லென்ஸ் செய்துவந்தவர். அவருடைய வடிவமைப்பில் ஜெர்மனியின் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் 1959-ல் 36-82 மி.மீ. ஜூமாரைக் கொண்டுவந்தது. அகலமான பார்வையில் தொடங்கி முகம் எடுக்கும் தூரம்வரை ஒரே லென்ஸில் போய்வரலாம் என்று ஸ்டில் கேமராவுக்குக் காட்டிய முதல் லென்ஸ் அது. முழு வீச்சிலும் 2.8 அப்பர்ச்சர். உள்ளே 14 கண்ணாடிகள். முன்பக்கம் மாட்டும் ஃபில்டரின் விட்டம் 95 மி.மீ. எடை முக்கால் கிலோவுக்கு மேல். அன்றாடம் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகிற சாமான் இல்லை அது. வீச்சு, வெளிச்சம், எடை என்ற மூன்று பக்க இழுபறி அந்த முதல் லென்ஸிலேயே தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு லென்ஸும் இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுத்தது என்பதுதான் மிச்சக் கதை.

நிக்கான் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தது. 1963-ல் வந்த 43-86 மி.மீ. நிக்கார் லென்ஸை வடிவமைத்தவர் தகாஷி ஹிகுச்சி. 3.5 அப்பர்ச்சர், 9 கண்ணாடிகள், சுமார் 400 கிராம். ஃபில்டர் 52 மி.மீ.; சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கு வாங்கியதையே இதற்கும் மாட்டலாம். வீச்சோ வெறும் இரண்டு மடங்கு. 35 மி.மீ. ஃபிலிம் ஃப்ரேமின் மூலைவிட்டம் 43 மி.மீ. லென்ஸ் அங்கேதான் தொடங்குகிறது. அகலப் பார்வை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கோடுகள் வளையும். 43-ல் வெளிப்பக்கம் உப்பும், 86-ல் உள்பக்கம் ஒடுங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் வெளுத்துப்போகும். இவ்வளவு குறைகளோடும் அது நன்றாக விற்றது. கையில் அடங்கியதும் சாமானியர் வாங்கக்கூடியதாக இருந்ததும்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஊருக்குப் போகும்போது ஒரே லென்ஸ் போதும் என்ற பழக்கத்தை ஃபிலிம் காலத்து மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் இந்த லென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்ணாடி அமைப்பில் உண்மையான திருப்பம் 1970-களில் வந்தது. கேனன் 1973-ல் வெளியிட்ட 35-70 லென்ஸில் இரண்டே குழுக்கள். முன்னால் ஒளியை விரிக்கும் குழு, பின்னால் அதைக் குவிக்கும் குழு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றினாலே போதும், ஜூம் கிடைத்துவிடும். எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மிரர் என்ற கண்ணாடி மடங்கி எழ இடம் வேண்டும். 300டி பயன்படுத்தும் கேனன் இ.எஃப். மவுன்ட்டில் அந்த இடைவெளி 44 மி.மீ. குட்டையான குவியத் தூரம் கொண்ட லென்ஸை அவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டுமானால், முன்னால் ஒளியை விரிக்கும் குழு இருந்தே ஆக வேண்டும்.

கையில் 18-55 இருந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். கேமராவிலிருந்து கழற்றி, ஜூம் வளையத்தை 18-லிருந்து மெதுவாகத் திருப்புங்கள். லென்ஸ் சீராக நீளும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது வேறு. முன்கண்ணாடி முதலில் உள்ளே போகும். 35-ஐ ஒட்டி லென்ஸ் மிகக் குட்டையாகிவிடும். அதற்குப் பிறகு 55-ஐ நோக்கிப் போகப்போக மறுபடி வெளியே வரும். பின்பக்கத்தைப் பார்த்தால் பின்குழு மட்டும் திரும்பாமல் ஒரே திசையில் முன்னேறுவது தெரியும். உள்ளே இருக்கும் உருளையில் வளைவு வளைவாகப் பள்ளம் வெட்டியிருக்கிறது. குழுக்களைத் தாங்கும் முளைகள் அதில் ஓடுகின்றன. இந்த வளைவைத் துல்லியமாகக் கணக்கிட்டு ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வார்த்தெடுப்பதுதான் அந்த நூறு டாலருக்குள் அடங்கியிருக்கும் பெரிய வித்தை. இந்த லென்ஸைப் பொம்மை என்று சொல்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் வருவது இந்த இடத்தில்தான்.

300டி-யின் சென்சார் ஃபிலிம் ஃப்ரேமைவிடச் சிறியது. 1.6 மடங்கு கிராப். ஃபிலிமில் அகலமாகத் தெரிந்த 28-80 லென்ஸை அதில் மாட்டினால் 45-128 போல ஆகிவிடும். 43-86 நிக்காரின் குறை திரும்பி வந்துவிடும். அதனால் சிறிய சென்சாருக்கென்றே ஒரு லென்ஸ் தேவைப்பட்டது. மிரரும் சிறியது என்பதால் லென்ஸின் பின்பகுதி கேமராவுக்குள் இன்னும் ஆழமாகப் போகலாம். இ.எஃப்-எஸ் என்ற அந்தப் புது வகையின் முதல் லென்ஸ் இந்த 18-55 தான். ஃபிலிம் கணக்கில் 29-88. உள்ளே 11 கண்ணாடிகள், முன்ஃபில்டர் 58 மி.மீ. அதே 2003-ல் சில மாதம் முன்பு வந்த, விலை கூடிய 10டி கேமராவில்கூட இதை மாட்ட முடியாது.

சீக்கிரமே நிக்கானும் தன் 18-55-ஐக் கொண்டுவந்தது. நம் கைக்கு வரும் லென்ஸ்களின் அடியில் பொடி எழுத்தில் ஊர்ப்பெயர் இருக்கும். கேனன் என்றால் பெரும்பாலும் தைவான். தைச்சுங்கில் 1970 முதல் கேனனுக்குத் தொழிற்சாலை உண்டு. நிக்கான் என்றால் தாய்லாந்து. 2011 அக்டோபரில் அயுத்தயாவில் வெள்ளம் வந்து ரோஜனா தொழிற்பேட்டை மூழ்கியபோது நிக்கான் தொழிற்சாலையும் மூழ்கியது. 2012 ஜனவரியில்தான் அங்கே வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கியது. விலை குறைந்த லென்ஸ், யாரும் கவனிக்காத லென்ஸ் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு ஊரின் மழையோடு பிணைந்திருந்தது.

முதல் 18-55-ல் மூலைகள் மங்கலாக இருந்தது உண்மை. 2007-ல் வந்த ஐ.எஸ். மாடல் அந்தக் கெட்டபெயரைப் பெருமளவு துடைத்தது. 200 கிராம் எடைக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் கண்ணாடிக் குழுவும் சேர்ந்துவிட்டது. நான்கு ஸ்டாப் வரை உதவும் என்று கேனன் சொன்னது. அப்பர்ச்சரை 8-ல் வைத்து எடுத்த படத்தை அச்சிட்டுப் பார்த்தால், விலையைச் சொன்னால் ஒழிய யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 2013-ல் ஃபோகஸுக்கு எஸ்.டி.எம். மோட்டார் வந்தது. அதற்கு முந்தைய மாடல்களில் ஃபோகஸ் செய்யும்போது முன்கண்ணாடியே சுற்றும். போலரைசர் ஃபில்டர் மாட்டினால் ஒவ்வொரு முறையும் திருத்திவைக்க வேண்டும். எஸ்.டி.எம்.-மில் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு வரலாம். இந்த லென்ஸுக்கு உண்மையான குறை வெளிச்சம். 55 மி.மீ.க்குப் போனால் அப்பர்ச்சர் 5.6-க்கு மேல் திறக்காது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரம், மணமேடையைச் சுற்றி ஆட்கள், எல்லோரும் அசைகிறார்கள். ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றியும் ஷட்டர் 1/30-க்கு மேல் வரவில்லை என்று வையுங்கள். ஐ.எஸ். உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடித்துவைக்கும். தாலி கட்டுகிற கையின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அதே இடத்தில் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சம் தரும். ஷட்டர் 1/125-க்குப் போகும். கை தெளிவாக விழும்.

அதற்குக் கொடுக்கும் விலை ரூபாயில் மட்டும் இல்லை. 2006-ல் வந்த கேனன் 17-55, முழு வீச்சிலும் 2.8 கொண்டது, 19 கண்ணாடிகள், 77 மி.மீ. ஃபில்டர், 645 கிராம். கிட் லென்ஸைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். அதே ஆண்டு டாம்ரான் 17-50-ஐ 430 கிராம் சுமாருக்குள் முடித்தது, ஐ.எஸ். மாதிரி எதுவும் அதில் கிடையாது. மண்டபத்தில் படம் எடுத்துப் பழகுகிற, பணம் கணக்குப் பார்க்கிற இளைஞருக்கு அந்த டாம்ரானைத்தான் நான் இன்றும் சொல்வேன். அசைகிற ஆட்களை எடுப்பவருக்கு ஐ.எஸ். இல்லாதது பெரிய இழப்பில்லை. சிக்மா 2013-ல் இன்னும் ஒரு படி போய் 18-35-ல் 1.8 கொடுத்தது. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஜூமில் முழு வீச்சுக்கும் அவ்வளவு வெளிச்சம் அதுவே முதல். எடை 810 கிராம்; வீச்சு இரண்டு மடங்குகூட இல்லை. 1959 ஜூமாரின் எடைக்கே திரும்பி வந்தாயிற்று.

வெளிச்சம் போதும், வீச்சுதான் வேண்டும் என்பவர்களின் வழி வேறு. நிக்கானின் 18-200 ஒரே லென்ஸில் பதினொரு மடங்கு தரும். பயணத்துக்கு அது சுகம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் கோபுரத்தின் கோடு வளையும், லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் கனம் தாங்காமல் தானே நீளும். கேனனின் 15-85 எனக்கு இன்னும் நேர்மையான சமரசமாகப் படுகிறது. 18-க்கும் 15-க்கும் மூன்று மி.மீ.தான் வித்தியாசம் என்று தோன்றும். பார்வைக் கோணத்தில் அது 74 டிகிரிக்கும் 84 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம். சின்ன வீட்டுக் கூடத்தில் சுவரோடு சாய்ந்து நின்று குடும்பப் படம் எடுப்பவருக்கு அந்தப் பத்து டிகிரியில் ஓரத்து இரண்டு பேர் உள்ளே வந்துவிடுவார்கள்.

இதில் எது உங்களுக்கு என்பதை உங்கள் படங்களே சொல்லும். ஒவ்வொரு படத்தின் தகவலிலும் எந்த மி.மீ., எந்த அப்பர்ச்சர், எந்த ஷட்டர் என்று பதிவாகியிருக்கும். கடந்த ஒரு வருடப் படங்களைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் 18-லேயே நிற்கிறதா, அகலம் போதவில்லை. 55-லேயே முட்டிக்கொண்டு நிற்கிறதா, 2.8 ஜூமுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒரு 55-250 போதும். கெட்டுப்போன படங்களெல்லாம் 5.6-லும் 1/30-லும் இருக்கிறதா, அப்போது மட்டும் 2.8-க்குப் போங்கள். படங்கள் நடுவில் பரவிக் கிடந்து, எதுவும் கெடாமல் இருந்தால், கையில் இருப்பதே உங்கள் லென்ஸ்.

இதையெல்லாம் பார்க்காமல் மாற்றுகிறவர்களால்தான் செகண்ட் ஹேண்ட் சந்தையில் 18-55 மலிந்து கிடக்கிறது. வாங்குகிறவருக்கு லாபம். கடலோர ஊர்களில் விற்கும் லென்ஸை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகம், அலமாரிக்குள் தோல் பையில் வைத்தே விட்டிருப்பார்கள். பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பயமில்லை. நூல் நூலாகக் கிளைவிட்ட வெள்ளைப் படலம் தெரிந்தால் ஃபங்கஸ்; இந்த விலை லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுப்பது கட்டுப்படியாகாது. ஜூம் வளையம் ஓர் இடத்திலும் சிக்கக் கூடாது. கேமராவில் மாட்டி, நெருக்கமாக ஒன்றும் தூரத்தில் ஒன்றும் ஃபோகஸ் செய்து பார்த்துவிடுங்கள்.

மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு மடங்கி எழும் கண்ணாடியும் இல்லை, அதற்கு விடவேண்டிய இடமும் இல்லை. 2022-ல் கேனன் கொண்டுவந்த ஆர்.எஃப்-எஸ் 18-45 லென்ஸில் 7 கண்ணாடிகள்தான். எடை 130 கிராம். 45 மி.மீ. முனையில் 6.3-க்கு மேல் திறக்காது. வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பழைய 18-55 ஐ.எஸ். வைத்திருப்பவர் அந்த மாதிரி கேனன் மிரர்லெஸ் பாடிக்கு மாறினால் லென்ஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 110 கிராம் அடாப்டர் ஒன்றை நடுவில் மாட்டினால் ஃபோகஸும் ஐ.எஸ்.-ஸும் முன்போலவே வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து 310 கிராம். பை கனக்கிறதே என்று யோசிப்பவர் 18-45 வாங்கலாம். இருட்டுக் கூடத்தில் படம் எடுக்க வேண்டியவர் அடாப்டரையே வாங்கட்டும்.