சேம அச்சும் கைப்பிரேக் கேபிளும்

சங்க இலக்கியம் பயின்றோர்க்கு உமணர்களின் வண்டி புதிதன்று. உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேடு பள்ளங்களைக் கடக்கும் அவ்வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிச் செல்வார்கள். பூட்டிய அச்சு வழியில் முறிந்தால் மாற்றிக்கொள்வதற்கான ஏற்பாடு அது; சேம அச்சு என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிடுகிறார். இப்பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வந்த நமக்கு அதன் பொருள் முழுமையாக விளங்கியது, அத்திப்பட்டில் ஒரு மோட்டார் பட்டறையின் மண் தரையில் குந்தியிருந்தபோதுதான்.

எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையில், கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் பாதையில் உள்ளது அத்திப்பட்டு. உப்பங்கழிக் காற்றும் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் அவ்வூரின் அடையாளங்கள். அருகிலுள்ள எண்ணூர்த் துறைமுகத்தில் (2014 முதல் காமராசர் துறைமுகம்) புதிய கார்கள் கப்பலேறுகின்றன. அப்பக்கம் கார்களுக்குப் புதிதன்று. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. 1955இல் அது அசோக் லேலண்டு ஆகி, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் பெயர் பெற்றது.

நம்மிடம் இருப்பது அந்த ஆஸ்டின் அன்று. அதே சென்னையின் இன்னொரு பிள்ளை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த கார். மாமனார் வீட்டிலிருந்து வந்தது என்பதால் விற்க மனமில்லை. ஒரு மாலை, அத்திப்பட்டு ரயில்வே கேட்டை ஒட்டிய ஏற்றத்தில் அதை நிறுத்திக் கைப்பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு இறங்கினோம். இரண்டடி நடப்பதற்குள் வண்டி மெல்லப் பின்னோக்கி உருண்டது. பின்னால் மிதிவண்டியில் ஒரு சிறுவன் நின்றிருந்தான். தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் பாய்ந்து வந்து சக்கரத்தின் அடியில் கல்லைச் செருகியிராவிட்டால், இக்கட்டுரையை எழுதும் மனநிலையே நமக்கு வாய்த்திராது.

கல்லைச் செருகுவது மாட்டுவண்டிக் காலத்து வழக்கம். மோட்டார் கார் வந்த பிறகு அவ்வேலையை இரும்புத் தண்டுகளும் கம்பிகளும் ஏற்றன. 1896இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் காப்புரிமை பெற்ற கேபிள், சுருள் உறைக்குள் ஓடும் எஃகுப் புரி. வளைந்த பாதையிலும் இழுவிசையைக் கொண்டு செல்ல வல்லது. கால் பிரேக்கோ திரவத்தின் பக்கம் நகர்ந்தது. 1917இல் மால்கம் லாக்ஹீட் திரவப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைக் கொண்டு வந்தது. மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 1940களின் இறுதியில் வந்த ஏ40 டெவன் மாதிரியில்கூட முன்சக்கரங்களுக்கே திரவம். பின்சக்கரங்களுக்கு இயந்திர இணைப்புத்தான்.

நான்கு சக்கரங்களும் திரவத்துக்கு மாறிய பின்பும் கைப்பிரேக்கைக் கேபிளிலேயே விட்டுவைத்தார்கள். ஏன்? குழாய் ஒன்று வெடித்துத் திரவம் ஒழுகிவிட்டால் கால் பிரேக் கைவிடும். அப்போது அதனோடு தொடர்பில்லாத இன்னொரு வழி வேண்டும். காரின் சேம அச்சு அதுவே.

பட்டறையின் முதிய மெக்கானிக் நம்மிடம் முதலில் கேட்ட கேள்வி: "சார், இதுக்கு முன்னாடி எத்தனை தடவை டைட் பண்ணீங்க?" மூன்று முறை என்றோம். கைப்பிடி மேலே மேலே வரும்போதெல்லாம் நாமே கேபிளின் நட்டை முறுக்கி வந்தோம். அவர் தலையசைத்தார். "அது வைத்தியம் இல்ல சார், நோயை மறைக்கிறது."

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினார். கைப்பிடியை ஒவ்வொரு பல்லாக இழுக்கச் சொல்லிச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். வலச்சக்கரம் இறுகியது, இடச்சக்கரம் சுழன்றது. டிரம்மைக் கழற்றியபோது பிரேக் ஷூக்கள் தேய்ந்திருந்தன. கேபிளோ முனைக்கு அருகே உறை கிழிந்து, உப்புக் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து துருவேறி, புரிகளில் பாதி அறுந்திருந்தது. மீதிப் புரிகளைத்தான் நாம் மும்முறை முறுக்கியிருந்தோம்.

புதிய கேபிள்? 1980களின் இறுதியிலேயே கார் உற்பத்தியை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது? பழையதை மாதிரியாகக் கொண்டு, நீளமும் முனைகளும் அளந்து, கேபிள் கட்டுபவர் ஒருவரிடம் செய்யச் சொன்னார். நான்கு நாளில் வந்தது. முறுக்கும் நட்டை முழுதும் தளர்த்தி, காட்டர் பின்களை உருவிப் பழையதை எடுத்தார். அது சென்ற வழியிலேயே, புகைக் குழாயையும் அசையும் பாகங்களையும் தொடாதபடி புதியதைச் செலுத்திக் கிரீஸ் இட்டார். புதிய ஷூக்களைப் பூட்டி, முதலில் டிரம்முக்குள் அவற்றின் இடைவெளியைச் சரிசெய்தார். கேபிளின் தொய்வை எடுத்தது அதற்குப் பிறகே. இந்த வரிசையை மாற்றினால் மீண்டும் பழைய கதைதான். கைப்பிடியை விட்டதும் இரு சக்கரங்களும் தடையின்றிச் சுழன்றன; சில பற்கள் இழுத்ததும் இரண்டும் ஒருசேர நின்றன. பிறகு அதே ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்தோம், கல்லைக் கையில் வைத்துக்கொண்டே. வண்டி அசையவில்லை.

இன்று பல புதிய கார்களில் கைப்பிடிக்குப் பதில் ஒரு பொத்தான், மின்மோட்டார் இறுக்குகிறது. அதைப் பழிக்க நமக்கு எண்ணமில்லை. ஆனால் உமணன் தன் சேம அச்சைப் புறப்படுமுன் தட்டிப் பார்த்திருப்பான் என்றே இப்போது தோன்றுகிறது. தாங்கும் என்ற நம்பிக்கையில் பார்க்காமலே விட்ட ஒன்று அத்திப்பட்டு ஏற்றத்தில் நம்மைக் கைவிட்டது.

அறுந்த கேபிளை எறியவில்லை. 102ஆம் பாடல் நடத்தும் நாளில் அதை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறோம். மாணவர்கள் துருவேறிய புரிகளைத் தொட்டுப் பார்த்த பிறகே பாடலைத் தொடங்குகிறோம்.