கல்முனைக் கரையும் மாணாக்கர் உளநலமும்

கல்விக்கு இடையூறாவன வறுமை, நோய், போர் எனப் பலவாகும். இவற்றுள் உடல்நோயை ஊரார் எளிதில் அறிவர். உள்ளத்து நோயோ சோம்பல் என்றும், செருக்கு என்றும், கண்ணூறு என்றும் வேறு பெயர் பெற்று மறைந்துவிடும். இம்மறைவினால் மாணாக்கர் படும் துயரை அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

இஸ்லாமிய மருத்துவ மரபு இந்நோயை அறியாததன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், காரணம் வெளிப்படையாயுள்ள துயரம் வேறு, காரணம் புலப்படாத துயரம் வேறு எனப் பிரித்து, இரண்டிற்கும் மருந்துண்டு என்று எழுதினார். ஆயினும் இவ்வறிவு பிற்காலத்து நிறுவனங்களில் நிலைபெறவில்லை. இலங்கையில் 1873ஆம் ஆண்டுச் சட்டமும், 1926இல் கொழும்பை அடுத்து எழுந்த அங்கொடை வைத்தியசாலையும் நோய் முற்றியோரை ஊரினின்று பிரித்து வைக்கும் நோக்கையே பெரிதும் கொண்டிருந்தன. நாளடைவில் அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. அவ்வேளனத்திற்கு அஞ்சிய பெற்றோர், பிள்ளைகளின் நோயை வீட்டிற்குள்ளேயே மறைத்தனர்.

இந்நிலையில் போர் வந்தது. 1990இல் கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம்களும் தமிழரும் பேருயிர்ச்சேதத்திற்கு ஆளாயினர். வந்தாறுமூலைக்குச் சென்று பயிலவியலாது தவித்த மாணாக்கரின் இடர்ப்பாடே, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றுதற்கு ஏதுவாயிற்று. அது 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. கல்விக்குக் கட்டடம் கிடைத்தது; அச்சத்தோடு வளர்ந்த உள்ளங்களுக்கு மருந்து கிடைக்கவில்லை.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்முனையையும், சாய்ந்தமருதையும், நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனையையும் தாக்கியது. இலங்கையில் மிகுந்த உயிரிழப்பை அடைந்தது அம்பாறை மாவட்டமே; அங்கு மாண்டோர் 10,000க்கும் மேற்பட்டோர். உடன் பயின்றோரையும் உடன் பிறந்தோரையும் இழந்த பிள்ளைகள் சில திங்களில் மீண்டும் வகுப்பிற்கு வந்தனர். உறக்கமின்மை, கடலோசைக்கு அஞ்சுதல், படித்தது மனத்தில் நில்லாமை ஆகியவற்றைச் சோம்பல் என்று கூற எவருக்கும் நா எழவில்லை. துயரம் பொதுவானபோதே நோய் நோயென அறியப்பட்டது. மறு ஆண்டில் அரசு ஏற்ற உளநலக் கொள்கை, மாவட்டந்தோறும் சிகிச்சை அளிப்பதைத் தன் குறிக்கோளாகக் கொண்டது.

அலையின் காலத்தில் காட்டிய அப்பரிவு, அலையில்லாக் காலத்திலும் வேண்டற்பாலது. உயர்தரப் பரீட்சையில் தவறிய மாணவனும், பல்கலைக்கழக விடுதியில் தனித்திருக்கும் மாணவியும் ஊரறியத் துயருறுவதில்லை. நன்கு பயின்றவர் திடீரெனப் பின்தங்குதல், நண்பரையும் விளையாட்டையும் வெறுத்தல், ஊணும் உறக்கமும் குன்றுதல் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின், அவற்றை நோயின் அறிகுறியெனக் கருதுதல் தகும். வாழ்வில் வெறுப்புற்றதாக ஒருவர் கூறும் சொல்லை ஒருநாளும் புறக்கணித்தல் ஆகாது. தேசிய உளநல உதவித் தொலைபேசி 1926 என்னும் எண்ணில் இயங்குகின்றது. ஆயினும், மாற்றத்தை முதலிற் காண்பவர் மருத்துவர் அல்லர். நாள்தோறும் மாணாக்கர் முகம் காணும் ஆசிரியரே ஆவர். அவர் கண்டிக்குமுன் வினவுவாராயின், பல கல்வி இடைமுறியாது நிறைவெய்தும்.