ராக்பிராய்: பயண ஆயத்தம்

ராக்பிராய் என்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தை மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லைவரை ஏழு நாளில் கடக்கும் கூட்டுச் சைக்கிள் பயணம். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் கடைசி முழு வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் இதில் கலந்துகொள்கின்றனர். இது பந்தயம் அன்று. யார் முதலில் வந்தார் என்று எவரும் குறித்துவைப்பதில்லை. வழித்தடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சராசரி மொத்தத் தொலைவு சுமார் 750 கி.மீ.; நாளொன்றுக்கு ஏறத்தாழ 108 கி.மீ. தொடக்கத்தில் பின்சக்கரத்தை மிசூரி ஆற்றிலும், முடிவில் முன்சக்கரத்தை மிசிசிப்பி ஆற்றிலும் நனைப்பது மரபு.

வரலாறு

‘டெ மாயின் ரெஜிஸ்டர்’ நாளிதழின் ஜான் காராஸ், டொனால்டு கௌல் ஆகிய இருவர் 1973-இல் மாநிலத்தைச் சைக்கிளில் கடந்து, வழியில் கண்டதை எழுதத் திட்டமிட்டனர். வாசகர்களும் உடன் வரலாம் என்று நாளிதழ் அழைக்க, சூ சிட்டி நகரில் சுமார் 300 பேர் திரண்டனர். கிழக்கே டேவன்போர்ட் வரை முழுத் தொலைவையும் ஓட்டியவர்கள் 114 பேர். அவர்களுள் 83 வயதான கிளாரன்ஸ் பிக்கார்டும் ஒருவர். பெண்களுக்கான பழைய ஷ்வின் சைக்கிளில், முழுக்கைச் சட்டையும் கம்பளி உள்ளாடையுமாக அவர் ஓட்டிய செய்தி பயணத்தின் புகழைப் பரப்பியது. நாளிதழின் பெயரோடு தொடங்கும் முழுப்பெயரின் முதலெழுத்துகளே ‘ராக்பிராய்’ ஆயின. கொரோனா காரணமாக 2020-இல் பயணம் நடைபெறவில்லை. 2023-இல் ஐம்பதாவது பயணம் நடந்தது. 

உதவி ஏற்பாடுகள்

ஓட்டுபவரின் பெட்டியையும் கூடாரத்தையும் லாரிகள் காலையில் ஏற்றிக்கொண்டு, இரவு தங்கும் ஊரில் இறக்கிவைக்கின்றன. முக்கியச் சந்திப்புகளில் போலீசார் போக்குவரத்தை நிறுத்தி வழிவிடுகின்றனர். சைக்கிள் கடைக்காரர்கள் வழிநெடுகப் பழுதுபார்க்கும் கூடாரம் போடுகின்றனர். உடல் முடியாதவர்களையும் சைக்கிள் பழுதானவர்களையும் உதவி வண்டிகள் அடுத்த தங்குமிடம் சேர்க்கின்றன. ஆனால் ஏழு நாளும் இருக்கையில் உட்கார வேண்டியவர் ஓட்டுபவரே. ஆதலால் ஆயத்தத்தின் பெரும்பகுதி உடலைப் பழக்குவதாக அமைகிறது.

உடற்பழக்கம்

ஒரே நாளில் 100 கி.மீ. ஓட்டத் தெரிந்தவரும் மூன்றாம் நாள் காலையில் திணறுவது உண்டு. முதல் நாளின் களைப்பு ஆறுவதற்குள் இரண்டாம் நாள் தொடங்கிவிடுவதே காரணம். எனவே பயிற்சியில் ஒற்றை நெடும்பயணத்தைவிட, சனி, ஞாயிறு என அடுத்தடுத்த இரு நாள்கள் நீண்ட தூரம் ஓட்டுவது பலன் தரும். மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்கி, வாரத் தொலைவைச் சுமார் பத்து விழுக்காடு வீதம் கூட்டிச் செல்வது பொதுவான முறை. கடைசி வாரத்தில் பயிற்சியைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தர வேண்டும். அயோவாவில் பனிக்காலம் நீளுவதால், அங்குள்ளவர்கள் பயிற்சியின் தொடக்கத்தை வீட்டுக்குள், நிலைச்சட்டத்தில் பொருத்திய சைக்கிளில் கழிப்பது வழக்கம்.

அயோவா தட்டையான நிலம் என்ற எண்ணம் புதியவர்களை ஏமாற்றும். மிசூரிக் கரையை ஒட்டி, காற்று கொண்டுவந்து குவித்த மண்ணாலான லோயஸ் குன்றுகள் நிற்பதால், ஏற்றம் பெரும்பாலும் முதல் நாளிலேயே வந்துவிடும். பல ஆண்டுகளில் ஒரு வாரத்தின் மொத்த ஏற்றம் 4,000 மீட்டரைத் தாண்டியிருக்கிறது. கடினமான கியரில் அழுத்தி மிதிப்பது முழங்காலைக் கெடுக்கும். இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதிப்பது நெடுந்தொலைவுக்கு ஏற்றது.

சைக்கிளும் உடையும்

பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி இருக்கை உயரத்தை அமைப்பர். புதிய இருக்கை, புதிய காலணி எதையும் பயணத்தின்போது முதன்முறையாகப் பயன்படுத்தக் கூடாது. புறப்படும் முன் செயின், பிரேக் கட்டை, டயர் ஆகியவற்றைச் சரிபார்த்து, தேய்ந்தவற்றை மாற்ற வேண்டும். உதவி வண்டி வந்து சேர நேரமாகலாம் என்பதால் உபரி டியூப், டயர் நெம்பி, பம்பு, சிறு கருவித் தொகுதி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம்மோடு வைத்திருப்பர். பஞ்சரான டியூபை மாற்றவும் முன்பே கற்றிருப்பர். மெத்தை வைத்த அரைக்கால் சட்டையை உள்ளாடையின்றி அணிவதும், உராய்வைத் தடுக்கும் களிம்பு பூசுவதும், ஓட்டம் முடிந்ததும் ஈர உடையைக் கழற்றிவிடுவதும் புண் வராமல் காக்கும்.

உணவும் நீரும்

நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொண்டால் சோர்வு தள்ளிப்போகும். பசி எடுத்தபின் உண்பது காலம் கடந்த செயல். ராக்பிராயில் உணவுக்குக் குறைவில்லை. வழியிலுள்ள சிற்றூர்களில் தேவாலயத்தாரும் பள்ளிக் குழுக்களும் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ (pie), சோளக்கதிர் முதலியவற்றை விற்கின்றனர். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடிப்பது ஆபத்து. நீரோடு உப்புச்சத்தும் உள்ளே போக வேண்டும்.

கூட்டத்தில் ஓட்டுதல்

தனியே பழகியவருக்குப் புதிதாக இருப்பது நெரிசல். எதிரே கார் வந்தால் ‘கார் அப்’, பின்னால் வந்தால் ‘கார் பேக்’, சாலையில் ஏறும்போது ‘ரைடர் ஆன்’, ஓரம் இறங்கும்போது ‘ரைடர் ஆஃப்’ என்று கூவுவது இங்குள்ள வழக்கம். ‘ரம்பிள்ஸ்’ என்றால் சாலையில் குறுக்கே வரிவரியாக வெட்டிய பள்ளங்கள் வருகின்றன என்று பொருள். முந்துபவர் இடப்பக்கம் வருவதாகச் சொல்லிவிட்டே முந்துவார். கான்கிரீட் சாலையின் நடுவே நீளவாக்கில் ஓடும் வெடிப்பில் சக்கரம் சிக்கி 2004-இல் ஒருவர் இறந்தார். குழுவாகச் சில முறை ஓட்டிப் பழகியவருக்கு முன்சக்கரத்தைப் பார்க்காமல் தொலைவில் சாலையைப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கும்.

வானிலை

அயோவாவின் ஜூலை வெயில் ஈரப்புழுக்கம் நிறைந்தது. 1981-இல் ஒரு திங்கட்கிழமை குளிர்மழை கொட்டியது. 1995-இல் ஒரு வியாழக்கிழமை வெயிலும் எதிர்காற்றும் சேர்ந்து பலரை உதவி வண்டிகளில் ஏறவைத்தன. இரண்டு நாள்களுக்கும் பட்டப்பெயர் வைத்து இன்றும் பேசுகின்றனர். விடியலிலேயே கிளம்பினால் வெயில் உச்சிக்கு வருமுன் பாதித் தூரம் கடக்கலாம். மழைச்சட்டையைக் கோடைப் பயணத்திலும் விட்டுவிடுவதில்லை.

மூட்டையும் திரும்புதலும்

பெட்டிக்கு அமைப்பாளர்கள் எடை வரம்பு வைத்துள்ளனர். ஒவ்வொரு நாள் உடையையும் தனித்தனி நெகிழிப் பையில் கட்டிவைத்தால் மழையிலும் நனையாது. விடியற்காலை இருட்டில் தேடவும் வேண்டாம். ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கிடையே தம்முடையதைக் கண்டுபிடிக்க நிறத்துணி கட்டிவைப்பவரும் உண்டு. தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் வேறானதால், திரும்பும் பேருந்துக்கும் சைக்கிளை ஏற்றும் லாரிக்கும் முன்பே பதிவுசெய்ய வேண்டும். மறந்தவர் மிசிசிப்பியில் சக்கரத்தை நனைத்துவிட்டு நிற்கும்போது, அவருடைய கார் மாநிலத்தின் மறுகோடியில், மிசூரிக் கரையில் நின்றுகொண்டிருக்கும்.