கதிரையில் யார்?

நீலன் திருச்செல்வம், லக்ஷ்மன் கதிர்காமர் எண்டால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வளர்ந்த எங்களில் கனபேருக்கு, கொல்லப்பட்ட இரண்டு தமிழ்ச் சட்டத்தரணிகள், அவ்வளவுதான். இரண்டு பேரின் பெயரோடும் கொழும்பில் ஒவ்வொரு ஆய்வு நிறுவனம் இருக்கு.

நீலன் 1982இல் முன்னின்று தொடங்கியது இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம். ஜூலைக் கலவரத்துக்கு முதல் வருஷமே இப்படி ஒன்றை யோசித்திருக்கிறார்! அது அரசின் நிறுவனமில்லை. அதற்கெண்டு தனியான பணிப்பாளர் சபை. 1999 ஜூலை 29இல் புலிகளின் தற்கொலைக் குண்டில் நீலன் இறந்தார். நிலையம் நிற்கவில்லை. 2007இல் அவருடைய நினைவுப் பேருரையை ஆற்றியவர் முன்னாள் அவுஸ்திரேலிய வெளிவிவகார அமைச்சர் கரத் எவன்ஸ். ஒரு அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் உலகம் தலையிடலாமா? போர் திரும்பவும் மூண்டிருந்த நேரத்தில், கொழும்பிலேயே இந்தக் கேள்வி! அடுத்த வருஷம் பத்திரிகைகளில் நிலையத்துக்கு எதிராகப் பெரிய அமளி.

கதிர்காமர் 2005 ஓகஸ்ட் 12இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரிலான சர்வதேச உறவுகள் நிறுவகத்தை 2006இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கியது. அதன் சபைக்கு வெளிவிவகார அமைச்சரே தலைவர். ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கிற அந்த மண்டபத்தில் எவன்ஸின் பேருரையைக் கற்பனை பண்ணிப் பார்த்தோம். எங்களால் முடியேல்ல.