தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழே வர வேண்டும்: இணையத்தளங்களில் குக்கீயின் வேலை

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுவோர் முதலில் காணும் பட்டணம் ரிங்லெட். அங்குள்ள தங்கும் விடுதி ஒன்று மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் இணையத்தளம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் முகப்பில் தமிழைத் தேர்ந்தெடுக்கிறார். அறை வாடகைப் பக்கத்திற்குப் போனால் மீண்டும் மலாய். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை அவர் தமிழைத் தேட மாட்டார்.

காரணம், இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்.டி.டி.பி.க்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் புதிய ஆள் கேட்பதாகவே சர்வர் நினைக்கும். மறதிக்காரக் கிராணி ஒருவர் தோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வார்? வருபவர் கையிலேயே ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, “அடுத்த முறை வரும்போது இதைக் காட்டுங்கள்” என்பார். குக்கீ அந்தச் சீட்டுதான். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி 1994இல் இதை உருவாக்கினார். வாடிக்கையாளர் பாதியில் விட்ட கொள்முதல் விவரத்தைச் சர்வரில் வைக்காமல் அவருடைய கணினியிலேயே வைப்பதுதான் அப்போதைய தேவை.

சர்வர் தன் பதிலோடு ‘செட்-குக்கீ’ என்ற தலைப்பு வரியை அனுப்பும். பிரவுசர் அதைச் சேமித்து, அதே தளத்திற்கு அடுத்தடுத்து அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பிக் காட்டும். காலாவதி நாள் குறிப்பிடாவிட்டால் பிரவுசரை மூடியதும் சீட்டு பெரும்பாலும் போய்விடும். ஆகவே மொழித் தேர்வுக்கு ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று தவணை கொடுப்பது வழக்கம். குரோம் பிரவுசர் 2022 முதல் 400 நாளுக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை.

புதிதாக நிரல் எழுதுவோர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் தமிழை அழுத்துகிறார், நிரல் குக்கீயை அனுப்புகிறது, பக்கம் இன்னும் மலாயில்தான் வருகிறது. இன்று கொடுத்த சீட்டு அடுத்த கோரிக்கையில்தான் திரும்பி வரும் என்பதை மறந்ததன் விளைவு இது. குக்கீயை வைத்தவுடன் பிரவுசரை அதே பக்கத்திற்குத் திருப்பி அனுப்பினால் சரியாகிவிடும். பி.எச்.பி.யில் இன்னொரு சங்கடம்: பக்கத்தின் ஓர் எழுத்து வெளியே போய்விட்டாலும் அதன்பின் தலைப்பு வரி அனுப்ப முடியாமல் போகலாம். நிரலின் தொடக்கத்தில் தெரியாமல் விட்ட ஒரு வெற்று வரி போதும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கலும் இருக்கிறது. குக்கீயின் மதிப்பில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே இருக்கலாம் என்பது 2011இல் வெளியான தரநிலை. ‘தமிழ்’ என்ற சொல்லை அப்படியே வைக்க முயன்றால் அதைக் குறிமாற்றம் செய்ய வேண்டும். யூனிகோடில் 5 குறியீடுகளான அச்சொல், விழுக்காட்டுக் குறிமாற்றத்தில் 45 எழுத்துகளாக நீளும். ஒரு குக்கீக்குச் சுமார் 4,096 பைட்தான் இடம். தமிழுக்கு உரிய ஈரெழுத்து மொழிக்குறியீட்டை வைத்தாலே போதுமானது.

திரும்பி வரும் சீட்டை அப்படியே நம்பவும் கூடாது. அது வாடிக்கையாளர் கையில் இருப்பது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நான்கு மொழிக் குறியீடுகளில் ஒன்றாக இருந்தால் ஏற்று, இல்லையென்றால் மலாய்க்கே விடுவது பாதுகாப்பு. பெயர், தொலைபேசி எண், முன்பதிவு விவரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதவே கூடாது. அவை கிராணியின் பேரேட்டில், அதாவது சர்வரின் தரவுத்தளத்தில் இருக்கட்டும். சீட்டில் ஊகிக்க முடியாத ஓர் எண் மட்டும். பேரேட்டில் அந்த எண் ஒருவரின் பெயரோடு சேர்ந்துவிட்டால், வணிக நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். மொழியைக் குறிக்கும் இரண்டு எழுத்தால் யாரையும் அடையாளம் காண முடியாது.

குக்கீக்குப் பிரவுசரைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. தோட்டத்து வீடுகளில் ஒரே கைப்பேசியைப் பாட்டியும் பேரனும் பயன்படுத்துவது உண்டு. பொதுக் கணினி மையங்களில் ஒரு கணினியில் நாளெல்லாம் பலர் அமர்வார்கள. பேரன் ஆங்கிலத்திற்கு மாற்றிவிட்டால் பாட்டிக்கும் ஆங்கிலமே வரும். அதனால் ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதிய பொத்தான் முகப்பில் மட்டுமல்ல, எல்லாப் பக்கத்தின் மேலேயும் இருக்க வேண்டும். நான்கு மொழித் தளங்கள் பலவற்றில் அது பட்டியலுக்குள் பட்டியலாக, ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கிறது. கணக்கில் நுழைந்தவருக்கு விருப்பமொழியைத் தரவுத்தளத்திலும் பதிந்துவைத்தால், வேறு கணினியில் அமர்ந்தாலும் அவருடைய தமிழ் அவரோடு வரும். வெளியேறும்போது அடையாள எண்ணைச் சர்வரிலும் செல்லாததாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அதே கணினியில் அமர்பவர் அவருடைய முன்பதிவைத் திறந்து பார்த்துவிடலாம்.