கோழியை அறுக்காமலே சிக்கன்... ஆய்வகக் கறி கடைக்கு வந்துடுச்சா?

கோழியை அறுக்க வேண்டாம், ஆனா தட்டுல சிக்கன் இருக்கும். எப்படி? கோழியின் செல்கள் கொஞ்சத்தை எடுத்து, பெரிய ஸ்டீல் தொட்டியில் சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு கலந்த திரவத்தில் வளர்க்கிறார்கள். அவை பெருகினால், அதுதான் கறி.

2013-ல் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் லண்டனில் அறிமுகம் செய்த ஒரே ஒரு பர்கருக்கு ஆன செலவு சுமார் 2.5 லட்சம் யூரோ! விற்பனைக்கு முதலில் அனுமதி தந்த நாடு சிங்கப்பூர், 2020 டிசம்பரில். 2023-ல் அமெரிக்காவும் ஓகே சொன்னது. அதே ஆண்டு இத்தாலி தடையே போட்டுவிட்டது.

சரி, கடையில் கிடைக்குதா? 2024-ல் சிங்கப்பூர் கறிக்கடை ஒன்றில் பாக்கெட்டாக விற்பனைக்கு வந்தது. ஆனா அதில் கோழி செல் வெறும் 3 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி தாவரப் புரதம்! காரணம், செலவு. செல்களைப் பெருக வைக்கும் வளர்ச்சிக் காரணிகள் ரொம்பவே காஸ்ட்லி. தொட்டிக்குள் பாக்டீரியா புகுந்துவிட்டால் மொத்தமும் வீண்.

மாடு வளர்ப்போடு ஒப்பிட்டால் நிலம் நிறைய மிச்சமாகும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனா தொட்டியை எந்நேரமும் வெதுவெதுப்பாக வைக்க வேண்டுமே? அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், சுற்றுச்சூழல் கணக்கு தலைகீழாகவும் மாறலாம்.